அமெரிக்கப் பள்ளிகளில் புவியியல்: இனக் குழுக்களுக்கு இடையே மதிப்பெண் இடைவெளி ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், கல்வியியல் மாணவர்கள், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஆகியோர் இந்தப் பொருள் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணிதத்திலும் வாசிப்பிலும் உள்ள இன இடைவெளி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. புவியியல் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு பிள்ளை எந்தத் தெருவில் வளர்கிறது என்பதே அதன் படிப்பைப் பெருமளவு தீர்மானிக்கும் நாட்டில், தெருவையும் ஊரையும் நாட்டையும் புரிந்துகொள்ளக் கற்பிக்கும் பாடத்தை இப்படி ஒதுக்கி வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எந்தத் தேர்வை வைத்து இந்த இடைவெளியைச் சொல்கிறார்கள்?

தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்ற தேர்வை வைத்து. சுருக்கமாக 'நேப்' என்பார்கள். 1969 முதல் நடந்துவரும் இது நம்மூர்ப் பொதுத்தேர்வு போன்றதல்ல. நாடு முழுவதிலுமிருந்து மாதிரியாகச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே சில மாணவர்களை மட்டும் எழுதவைக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் அடிப்படை. ஒவ்வொரு மாணவரும் மொத்த வினாத்தாளில் ஒரு பகுதிக்கு மட்டுமே விடை எழுதுவார். தனி மாணவருக்கு மதிப்பெண் கிடையாது. பள்ளிகளுக்குத் தரவரிசையும் கிடையாது. அதனால் தனிப்பயிற்சி வகுப்புக்குப் போய் இதற்குத் தயாராகிறவர் எவரும் இல்லை. அந்த வகையில் இது நம்பத்தகுந்த அளவுகோல்.

புவியியலில் இந்தத் தேர்வு 1994, 2001, 2010, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. முதல் மூன்று முறையும் 4, 8, 12 ஆம் வகுப்புகளுக்கு நடத்தினார்கள். கடைசி இரு முறை எட்டாம் வகுப்புக்கு மட்டும். புள்ளிகள் 0 முதல் 500 வரையிலான அளவில் தரப்படுகின்றன. இடமும் அதன் தன்மையும், சுற்றுச்சூழலும் சமூகமும், இடங்களுக்கு இடையிலான இயக்கமும் தொடர்பும் ஆகிய மூன்று பிரிவுகளிலிருந்து கேள்விகள் வரும். தலைநகரங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் தேர்வு அன்று.

எண்கள் என்ன சொல்கின்றன?

எட்டாம் வகுப்பில் 2014 ஆம் ஆண்டின் தேசியச் சராசரி 261. வெள்ளை மாணவர்களின் சராசரி 273, ஹிஸ்பானிக் (மெக்சிகோ போன்ற ஸ்பானிய மொழி நாடுகளின் வம்சாவளி) மாணவர்களின் சராசரி 248, கறுப்பின மாணவர்களின் சராசரி 240. ஆசிய மாணவர்கள் வெள்ளையரை ஒட்டி நின்றார்கள். அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்கள் தேசியச் சராசரிக்குக் கீழே, ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு மேலே இருந்தார்கள். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே 33 புள்ளி. வெள்ளையருக்கும் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் இடையே 25.

1994 இல் வெள்ளையர்–கறுப்பினத்தவர் இடைவெளி ஏறத்தாழ 40 புள்ளியாக இருந்தது. நான்காம் வகுப்பில் மாற்றம் இன்னும் பெரியது. 1994 இல் ஐம்பது புள்ளியளவு இருந்த இடைவெளி 2010 இல் முப்பதைச் சற்றுத் தாண்டும் அளவுக்குச் சுருங்கியது. மேலே இருந்தவர்கள் சரிந்ததால் வந்த சுருக்கம் அல்ல இது. கீழே இருந்த பிள்ளைகள் ஏறி வந்ததால் வந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 'எத்தனை ஆண்டானாலும் ஒன்றும் மாறவில்லை' என்று அலுத்துக்கொள்வோர் பலரும் இந்த வரிசையைப் பார்த்ததே இல்லை.

33 புள்ளி என்பது பெரிய வித்தியாசமா?

பெரியதுதான். 2010 ஆம் ஆண்டில் நான்காம் வகுப்பின் சராசரி 213, எட்டாம் வகுப்பின் சராசரி 261. நான்கு வகுப்பு ஏறும்போது 48 புள்ளி கூடுகிறது. அதை வைத்துப் பார்த்தால் 33 புள்ளியின் எடை எவ்வளவு என்று தெரியும். 'ஆகவே கறுப்பின மாணவர் மூன்று ஆண்டு பின்தங்கியிருக்கிறார்' என்று நேராகக் கணக்குப் போட்டுவிடவும் கூடாது. வெவ்வேறு வகுப்புகளின் வினாத்தாள்கள் ஒன்றல்ல. ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று இந்த அளவுகோல் எந்த உறுதியும் தருவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் சராசரி அதே 2010 இல் 282. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வெறும் 21 புள்ளிதான் கூடியிருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் புவியியல் பாடமே இல்லாமல் பல பிள்ளைகள் வெளியேறுகிறார்கள் என்பதன் நிழல் இது. பன்னிரண்டாம் வகுப்புக் கறுப்பின மாணவர்களின் சராசரி, எட்டாம் வகுப்பின் தேசியச் சராசரியை ஒட்டியே நின்றது. வாக்குரிமை பெறும் வயதில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

'அடிப்படை', 'கைதேர்ந்த' என்ற நிலைகள் எதைக் குறிக்கின்றன?

எட்டாம் வகுப்பில் 242 புள்ளி அடிப்படை நிலை, 282 கைதேர்ந்த நிலை, 315 உயர்நிலை. இதில் 'கைதேர்ந்த' என்பதைப் பலரும் 'பாஸ்' என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. பாடத்தில் நல்ல பிடிப்பு உள்ள மாணவர் எட்டும் நிலை அது. வகுப்புக்குரிய குறைந்தபட்ச அளவு அல்ல.

2018 இல் நாட்டின் எட்டாம் வகுப்பு மாணவர்களில் நான்கில் ஒருவர்தான் அந்த நிலையில் அல்லது அதற்கு மேலே இருந்தார். ஆக, புவியியல் அறிவில் மொத்த நாடே தடுமாறுகிறது. ஆனால் தடுமாற்றம் எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் இல்லை. 2014 இல் கறுப்பின மாணவர்களின் சராசரியே அடிப்படைக் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதாவது அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த முதல் படியைக்கூட எட்டவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பிரிவில் வருவார்கள்?

'ஆசியர்' பிரிவில். மாணவரின் இனம் பெரும்பாலும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஹிஸ்பானிக் என்று பதிவானவர் எந்த நிறத்தவரானாலும் ஹிஸ்பானிக் கணக்கில்தான் சேர்வார். 2011 முதல் ஆசியரையும் பசிபிக் தீவினரையும் தனித்தனியே காட்டுகிறார்கள், 'இரண்டு அல்லது மேற்பட்ட இனங்கள்' என்ற பிரிவும் உண்டு. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இந்த வகைப்பாட்டை மீண்டும் மாற்றி, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிப் பிரிவு தந்திருக்கிறது. கோடுகள் எங்கே விழுகின்றன என்பது அரசாணையைப் பொறுத்தது.

'ஆசியர்' என்ற ஒரே கூடைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நியூஜெர்சியில் மென்பொருள் பொறியாளர் வீட்டுப் பிள்ளையும், 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதியாக வந்து மினசோட்டாவில் குடியேறிய ஹ்மாங் குடும்பத்துப் பிள்ளையும், நேபாளத்து முகாம்களில் பல ஆண்டு இருந்துவிட்டு 2008க்குப் பின் ஒஹாயோவுக்கு வந்துசேர்ந்த பூட்டான் அகதிக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகிறார்கள். சராசரி உயர்ந்திருப்பதால் அகதிப் பிள்ளைகளுக்கு உதவி தேவையில்லை என்று கொள்வது பெரும் அநியாயம்.

அப்படியானால் ஆசியர்களின் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு நம் பண்பாடுதானே காரணம்?

இந்தக் கேள்வியைத் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து அடிக்கடி கேட்கிறேன். பிள்ளையின் படிப்புக்காக நம் குடும்பங்கள் படும் பாடு உண்மை. ஆனால் யார் அமெரிக்காவுக்கு வர அனுமதி பெற்றார்கள் என்பதை மறந்துவிட்டுப் பண்பாட்டை மட்டும் பேசுவது நேர்மையாகாது. 1965 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமும், பின்னர் வந்த எச்-1பி விசாவும் பட்டம் பெற்றவர்களையே பெரும்பாலும் பொறுக்கியெடுத்தன. கிண்டியிலோ திருச்சியிலோ பொறியியல் முடித்தவரின் பிள்ளையை, மூன்று தலைமுறையாக வங்கிக் கடனே கிடைக்காத தெருவில் வாழ்ந்தவரின் பிள்ளையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைக்கிறோம்.

தேசிய அளவிலான பூகோள வினாடிவினாப் போட்டியில் 2012 முதல் 2019 வரை வென்ற எல்லோரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அட்லஸை வரிவரியாகக் கரைத்துக் குடித்த சிலரின் வெற்றி அது. பல்லாயிரம் சாதாரண மாணவர்கள் சாதாரண வகுப்பறையில் என்ன கற்றார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை. அந்தப் போட்டியும் 2019க்குப் பிறகு நடக்கவில்லை, 2021 இல் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

இனங்களுக்கு இடையே பிறவித் திறமையில் வித்தியாசம் இருக்கிறதோ?

இல்லை. பிறவியில் வந்தது இருபது ஆண்டில் சுருங்காது. நான்காம் வகுப்பு இடைவெளி பதினாறு ஆண்டில் எவ்வளவு குறைந்தது என்று மேலே பார்த்தோம். சராசரியை வைத்துத் தனிப் பிள்ளையை எடைபோடவும் முடியாது. வெள்ளையரின் சராசரியைத் தாண்டிய கறுப்பின மாணவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கறுப்பினத்தவரின் சராசரிக்குக் கீழே உள்ள வெள்ளை மாணவர்களும் அப்படியே.

எல்லாம் வறுமைதானே? இனத்தை ஏன் இழுக்க வேண்டும்?

வறுமைக்குப் பெரும் பங்கு உண்டு. பெற்றோரின் படிப்புக்கும் உண்டு. நேப் தரவில் வறுமையை அறிய, மாணவர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவரா என்று பார்ப்பார்கள். அங்கே அந்த உணவு குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை. இப்போது ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் முறை வந்துவிட்டதால் இந்த அடையாளம் முன்னைப்போலத் துல்லியமாக இல்லை.

வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் சமன்செய்து பார்த்தால் இடைவெளி குறைகிறது. ஆனால் மறைவதில்லை. ஒரு காரணம், வருமானம் ஒன்றாக இருந்தாலும் சொத்து ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2019 கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் சரிபாதியில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 1,88,000 டாலர், அதேபோல் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 24,000 டாலர். ஒரே சம்பளம் வாங்கும் இரு குடும்பங்களில் ஒன்று நல்ல பள்ளி உள்ள ஊரில் வீடு வாங்குகிறது, இன்னொன்றுக்கு அது கைக்கு எட்டவில்லை. அங்கிருந்துதான் புவியியல் தொடங்குகிறது.

வசிக்கும் இடம் எப்படி மதிப்பெண்ணாக மாறுகிறது?

இதற்கு மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரத்தைக் காட்டுவேன்.

1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வண்ண வரைபடங்கள் தயாரித்தது. பாதுகாப்பாகக் கடன் தரலாம் என்ற பகுதிகளுக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு மஞ்சள், ஆபத்தானவை என்று கருதியவற்றுக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் சிவப்பாயின. 1934 இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் கடனுக்கு உத்தரவாதம் தருவதில் இதே பாரபட்சத்தைப் பின்பற்றியது.

டெட்ராய்ட்டின் வடக்கு விளிம்பில் எட்டு மைல் சாலை என்று ஒரு சாலை. அதற்குத் தெற்கே கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு பகுதியை ஒட்டி, வெள்ளையருக்காக வீடு கட்டி விற்க ஒருவர் திட்டமிட்டார். கறுப்பினப் பகுதிக்கு இவ்வளவு அருகில் இருந்தால் கடனுக்கு உத்தரவாதம் இல்லை என்றது அரசு நிர்வாகம். 1941 இல் அவர் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பினார். ஆறடி உயரம், ஓரடி தடிமன், அரை மைல் நீளம். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

1954 இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்றது. ஆனால் பிள்ளைகள் வாழும் இடமே பிரிந்து கிடந்தால் பள்ளிகள் தாமாகவே பிரிந்துவிடும். டெட்ராய்ட்டில் இதைச் சரிசெய்ய, நகரத்தையும் சுற்றியுள்ள புறநகர்களையும் இணைத்து மாணவர்களைப் பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்றது. 1974 இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. பள்ளி மாவட்ட (ஒரே உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் பள்ளிகள் இயங்கும் பகுதி) எல்லையைத் தாண்டிப் பரிகாரம் தேட வேண்டாம் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டில்தான், உள்ளூர்ச் சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்துவதால் வரும் ஏற்றத்தாழ்வு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணல்ல என்று டெக்சாஸின் சான் ஆன்டோனியோ வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதுவும் 5-க்கு 4.

ஆக, வரைபடத்தில் ஒரு கோடு, பிறகு ஒரு சுவர், பிறகு பள்ளி மாவட்ட எல்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் எந்தப் பக்கம் தங்குகிறார்கள், ஆய்வகமும் நூலகமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை அந்தக் கோடு தீர்மானித்தது. ஏழைகள் செறிந்த பள்ளிகளில் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்கள் குவிந்திருப்பதுதான் மதிப்பெண் இடைவெளியோடு மிக வலுவாகத் தொடர்புடையது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு காட்டியிருக்கிறது. அவர்கள் பார்த்தது வாசிப்பும் கணிதமும். புவியியலில் அப்படி மாவட்டவாரியாகப் பார்க்க வழியே இல்லை. நேப் புவியியல் முடிவுகள் நாட்டுக்கும் நான்கு பெரும் வட்டாரங்களுக்கும் மட்டுமே உண்டு. மாநிலவாரியாகக்கூடக் கிடையாது. இடத்தைப் பற்றிய பாடத்துக்கு, எந்த இடத்தில் என்ன நிலை என்று சொல்லும் ஒரு வரைபடம் இல்லை.

வகுப்பறையில் புவியியல் எவ்வளவு கற்பிக்கிறார்கள்?

மிகக் குறைவாக. அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015 அக்டோபரில் தந்த அறிக்கையில், எட்டாம் வகுப்பு ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சமூக அறிவியல் நேரத்தில் பத்து சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் புவியியலுக்குச் செலவிடுவதாகக் கூறியிருந்தார்கள். நடுநிலைப் பள்ளியில் புவியியல் பாடத்தைக் கட்டாயமாக்கிய மாநிலங்கள் 17, உயர்நிலையில் 10 என்பதும் அதில் இடம்பெற்ற தகவல்.

2002 ஜனவரியில் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டம் புவியியலை முதன்மைப் பாடங்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் அதற்கெனத் தனி நிதி ஒதுக்கவில்லை. ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டவை வாசிப்பும் கணிதமும். மதிப்பெண் குறைந்தால் நடவடிக்கை பாயும் என்ற அச்சம் எந்தப் பள்ளிகளுக்கு இருந்தது? ஏழைப் பிள்ளைகள், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளுக்குத்தான். சமூக அறிவியல் நேரத்தை வாசிப்புப் பயிற்சிக்குத் திருப்பிவிடும் நெருக்கடி அவர்களுக்கே அதிகம். வசதியான புறநகர்ப் பள்ளிக்கு அந்த நெருக்கடி இல்லை. அங்கே உயர்நிலை மாணவர்கள் கல்லூரித் தரத்திலான மானுடப் புவியியல் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2001 இல் முதல் தேர்வை மூவாயிரத்துச் சொச்சம் பேர் எழுதிய அந்தப் பாடத்தை இப்போது ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அதில் கறுப்பின மாணவர்களின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கை எட்டவில்லை.

என் உறுதியான கருத்து இதுதான்: புவியியல் மதிப்பெண்ணில் தெரியும் இடைவெளியில் பெரும் பகுதி, கற்பிக்கப்பட்டதில் உள்ள இடைவெளி. கொடுக்காத பாடத்தில் தேர்வு வைத்துவிட்டு, பிள்ளையைக் குறை சொல்கிறோம்.

ஹிஸ்பானிக் மாணவர்களுக்கு மொழி தடையாக இருக்கிறதா?

பலருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. ஹிஸ்பானிக் மாணவர்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவே பேசுவோரும் உண்டு. ஆனால் இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களின் சராசரி மற்றவர்களைவிட மிகவும் கீழே இருக்கிறது.

இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம். இது நான் அமைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் படம். நடுவே வடக்குத் தெற்காகக் காஸ்கேட் மலைத்தொடர். மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று வருவதைக் காட்டும் அம்புகள். 'மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் வேளாண்மைக்குப் பாசனம் தேவைப்படுவது ஏன்? இரண்டு வாக்கியங்களில் விளக்குக.' இந்த மலையின் கிழக்கே, அதாவது ஈரக்காற்று வந்து மோதாத மறுபக்கத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன இடம், வாய்க்கால் நீரில் விளையும் வறண்ட மண். அங்கே தோட்ட வேலை செய்வோரில் பெரும்பாலானோர் மெக்சிகோ வம்சாவளியினர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது சாப்பாட்டு வேளையில் காதில் விழும் பேச்சு. கேள்வியின் பொருள் அவன் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 'காற்று மறைவுப் பக்கம்' என்ற ஆங்கிலக் கலைச்சொல்லும், இரண்டு வாக்கியம் எழுதும் பயிற்சியும்தான் இல்லை. அவனுக்கு விழும் பூஜ்யத்துக்குப் புவியியல் தெரியாதவன் என்று பொருள் கொள்ளலாமா?

பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு, ஆனால் சிறியது. புவியியலில் ஆண் பிள்ளைகள் சில புள்ளி முன்னே இருக்கிறார்கள். இன இடைவெளியோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படைவீரர்களின் பிள்ளைகளுக்காக உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாகச் சுமார் 160 பள்ளிகளை நடத்துகிறது. 2022 நேப் தேர்வில் வாசிப்பிலும் கணிதத்திலும் அவை எல்லா மாநிலங்களையும் முந்தின. எட்டாம் வகுப்பு வாசிப்பில் அங்குள்ள கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்கள் நாட்டின் வெள்ளையர் சராசரியையே தாண்டினார்கள். பெற்றோருக்கு நிலையான வேலை, குடும்பத்துக்கு வீடு, மருத்துவ வசதி, எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் வகுப்பு, போதிய நிதி. புவியியலுக்கு இத்தகைய தனி முடிவு வெளியாவதில்லை. ஆனால் வாசிப்பில் நடந்தது புவியியலில் நடக்காது என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பாடத்தைக் கற்பிக்கும் முறைக்கு மறுபடியும் டெட்ராய்ட்டுக்கே போக வேண்டும். 1960களின் கடைசியில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும், கறுப்பினச் சமூகத்தின் இளம் தலைவர் குவெண்டலின் வாரனும் சேர்ந்து 'டெட்ராய்ட் புவியியல் பயணக் குழு' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். தொலைதூரக் காடுகளுக்குப் போகும் பயணம் அல்ல, தங்கள் தெருக்களுக்குள் போகும் பயணம். கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு பட்டப்படிப்புக்குக் கணக்கில் சேரும் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தின் தகுதிப் புள்ளிகளுடன் இலவசமாக வகுப்பு நடத்தினார்கள். அவர்கள் தயாரித்த ஒரு வரைபடம் புவியியல் உலகில் இன்றும் பேசப்படுகிறது: புறநகரிலிருந்து வேலைக்குக் காரில் விரைகிறவர்கள் கறுப்பினக் குழந்தைகள் மீது மோதிக் கொன்ற இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்த படம். புள்ளிகள் ஒரே பாதையில் வரிசையாக விழுந்திருந்தன. அதுவரை தனித்தனி விபத்துச் செய்திகளாக இருந்தவை அந்தத் தாளில் ஒரு சாலையின் குற்றமாகத் தெரிந்தன. பள்ளி மாவட்ட எல்லைகளை எப்படி மாற்றி வரையலாம் என்றும் வாரன் குழுவினர் திட்டம் தயாரித்துத் தந்தார்கள். சில ஆண்டுகளில் ஆதரவு வற்றி முயற்சி நின்றுபோனது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புவியியலில் ஆர்வமில்லை என்று சொல்லும் ஆசிரியர்களைச் சந்தித்திருக்கிறேன். 1910களிலிருந்து 1970 வரை சுமார் அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களைவிட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று இடம்பெயர்ந்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் பாட்டனும் முப்பாட்டனும் அதில் இருந்தார்கள். எந்த ரயில் பாதை எந்த ஊர்க்காரரை எந்த நகரத்துக்குக் கொண்டுசேர்த்தது என்ற கேள்வியோடு இடப்பெயர்வுப் பாடத்தைத் தொடங்கிப் பார்க்கட்டும். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்கள் ஏன் பெருமளவில் சிகாகோ போனார்கள் என்று பிள்ளைகளே தண்டவாளத்தைத் தொடர்ந்துபோய்க் கண்டுபிடிப்பார்கள்.

2018க்குப் பிறகு நிலைமை எப்படி? கொரோனாக் காலத்தில் இடைவெளி கூடிவிட்டதா?

2018 இல் எட்டாம் வகுப்பின் சராசரி 258 ஆக இறங்கியது, 2014ஐவிட மூன்று புள்ளி குறைவு. அதோடு வரிசை முடிந்துவிட்டது. நேப் தேர்வை மேற்பார்வையிடும் ஆளுகைக் குழு 2019 இல் செலவையும் முன்னுரிமையையும் காரணம் காட்டிப் புவியியலை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. 2022 இல் சமூக அறிவியல் பாடங்களில் அமெரிக்க வரலாறும் குடிமையியலும் மட்டுமே சோதிக்கப்பட்டன.

பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் வாசிப்பிலும் கணிதத்திலும் ஏற்பட்ட சரிவை நாடே விவாதித்தது. நிதி ஒதுக்கினார்கள், கூடுதல் வகுப்பு வைத்தார்கள். புவியியலில் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று சொல்ல எண் ஏதும் இல்லை, அதனால் விவாதமும் இல்லை. இருபது ஆண்டாக ஏறி வந்துகொண்டிருந்த பிள்ளைகளைக் கவனிப்பதை, அவர்கள் சறுக்கத் தொடங்கிய நேரத்தில் நிறுத்தியது மிகத் தவறான முடிவு. திரும்பக் கொண்டுவர வேண்டும், மாநிலவாரி முடிவுகளோடு கொண்டுவர வேண்டும்.

பெற்றோராக நான் பள்ளியில் என்ன கேட்கலாம்?

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சமூக அறிவியல், அதில் புவியியல் எவ்வளவு என்று கேளுங்கள். வாசிப்பிலோ கணிதத்திலோ பின்தங்கிய பிள்ளைகளைக் கூடுதல் பயிற்சிக்காக எந்த வகுப்பு நேரத்தில் வெளியே அழைத்துப்போகிறார்கள் என்று கேளுங்கள். பல பள்ளிகளில் அது சமூக அறிவியல் நேரமாகத்தான் இருக்கும். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். பள்ளி மாவட்டக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, பேச நேரமும் தருவார்கள்.

இந்தத் தரவை நானே பார்க்க முடியுமா?

முடியும், இலவசம். 'நேஷன்ஸ் ரிப்போர்ட் கார்டு' இணையதளத்தில் நேப் தரவு ஆய்வுக் கருவி இருக்கிறது. பாடத்தில் புவியியலையும் வகுப்பில் எட்டையும் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளையும் குறியுங்கள். இனத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், பெற்றோர் கல்வியையும் சேர்த்துக் குறுக்கு அட்டவணை போடுங்கள். நான்காம் வகுப்புக்குப் பெற்றோர் கல்வி கிடைக்காது, அந்த வயதுப் பிள்ளைகள் அதைச் சரியாகச் சொல்வதில்லை என்பதால் வெளியிடுவதில்லை. 2001க்கு இரண்டு வரிசைகள் வந்தால் குழம்ப வேண்டாம். சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்கும் ஆங்கிலம் கற்பவர்களுக்கும் தேர்வில் சலுகை தரும் வழக்கம் 1994க்குப் பிறகுதான் வந்தது, அதனால் சலுகை இல்லாத எண்களும் சலுகையோடு வந்த எண்களும் ஓரிரு புள்ளி வேறுபடலாம். நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது என்று பொருள். குறி இல்லாத ஒரு புள்ளி, இரண்டு புள்ளி ஏற்ற இறக்கத்தை வைத்து எதுவும் எழுதிவிடாதீர்கள்.